மனம் திறக்கும் பெட்டி

நுழையும் முன்

காய்ச்சல் கண்டால் வெப்பமானி காட்டிவிடும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடும். உள்ளம் வருந்தும்போது அதைக் காட்டும் கருவி சொல் ஒன்றே. சொல் கிடைக்காத வருத்தம் தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் காரணமற்ற எரிச்சலாகவும் வெளிப்படும். வீட்டில் தமிழும் வகுப்பறையில் ஆங்கிலமும் விளையாட்டுத் திடலில் இந்தியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு, மனவருத்தத்தை எந்த மொழியில் சொல்வது என்பதும் ஒரு சிக்கலே. பதின்ம வயது மாணவர்களுக்குப் பள்ளியிலேயே துணைநிற்க நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சியையும், மனநிலைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களையும் இப்பாடத்தில் காண்போம்.

நாலந்தாவில் ஒரு பெட்டி

பீகார் மாநிலத்தின் நாலந்தா என்றதும் அங்கிருந்த பழம்பெரும் பல்கலைக்கழகமே நினைவுக்கு வரும். அதற்கும் தமிழகத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஆறாம் நூற்றாண்டில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சீனப் பயணியான யுவான் சுவாங் அவரைப் பற்றி எழுதும்போது, திருமண நாளுக்கு முந்தைய இரவில் மனங்கலங்கிப் புத்தரின் திருவுருவின் முன் வேண்டி நின்ற இளைஞராக அவரைக் காட்டுகிறார். பேரறிஞர் ஒருவரின் வரலாறும் ஓர் இளைஞனின் மனக்கலக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

அதே நாலந்தா மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில், பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஒரு புதிய முயற்சி நடைபெற்றது. கோவாவில் தோன்றிய சங்கத் என்னும் தொண்டு நிறுவனம் அதனை முன்னெடுத்தது. திட்டத்தின் பெயர் 'செஹர்'. இது வைகறையைக் குறிக்கும் உருதுச் சொல். பள்ளிதோறும் 'செஹர் மித்ரா' என ஒருவர் அமர்த்தப்பட்டார். மித்ரா என்றால் நண்பர் என்பது பொருள். இவர்கள் உளவியல் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண இளைஞர்கள்.

மித்ரா செய்த வேலைகள் எளியவை. பள்ளியில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. குறை, ஐயம், யோசனை எதுவாயினும் மாணவர் ஒரு தாளில் எழுதி அதில் போடலாம். பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் எழுதியவரை மித்ரா தனியே அழைத்துப் பேசுவார். பெயரில்லாத தாள்களில் கண்ட பொதுவான சிக்கல்களுக்குக் காலை வழிபாட்டுக் கூட்டம் போன்ற பொது இடங்களில் விடை கிடைக்கும். மாதம் ஒரு பொருள் பற்றிச் சுவரிதழ் ஒன்று வெளிவரும். அதற்கு மாணவர்களே எழுதுவர். மாணவர் குழுக்கள் கூடிப் பேசும். தனியே பேச விரும்புவோர்க்கு மித்ராவின் கதவு திறந்திருக்கும். இவற்றோடு, அடியும் திட்டும் இல்லாமல் வகுப்பை நடத்தும் முறை பற்றி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இறுதியாகச் சொன்ன இச்செய்தி சிறியதாகத் தோன்றினும், இதுவே திட்டத்தின் பாதி வலிமை எனலாம். மாணவரை மட்டும் மாற்ற முயன்று, அவர் திரும்பிச் செல்லும் வகுப்பறையை அப்படியே விட்டுவைப்பதில் பயனில்லை.

ஆசிரியரா, மித்ராவா?

ஆய்வுக்காக 75 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டுக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. முதற்பிரிவில் மித்ராக்கள் இத்திட்டத்தை நடத்தினர். இரண்டாம் பிரிவில் அதே பணிகளைப் பள்ளி ஆசிரியர் ஒருவரே செய்தார். மூன்றாம் பிரிவில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி வகுப்பு மட்டும் நடந்தது. ஒரு பள்ளி இடையில் விலகியதால் 74 பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இறுதிவரை கணக்கில் கொள்ளப்பட்டனர். முடிவுகளை 2018ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது.

மித்ராக்கள் பணிபுரிந்த பள்ளிகளில் ஆசிரியர், மாணவர் உறவு மேம்பட்டிருந்தது. 'இது என் பள்ளி' என்னும் உணர்வு மாணவரிடம் வளர்ந்திருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. மாணவர் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்திருந்தது. ஆசிரியரே நடத்திய பள்ளிகளிலோ இத்தகைய மாற்றம் எதுவும் தென்படவில்லை. பெட்டி அதேதான், சுவரிதழ் அதேதான், பணிகளும் அவையேதாம். நடத்தியவர் மட்டுமே வேறு.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஆசிரியருக்குப் பாடம் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், வருகைப் பதிவும் தேர்தல் பணியும் கூடவே இருக்கும். இன்னொரு பெரும்பணியைத் தூக்கிச் சுமக்க அவருக்கு நேரமில்லை. இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. கணக்கில் தோற்றுப்போன வருத்தத்தை, அக்கணக்குக்கு மதிப்பெண் இட்டவரிடமே சென்று எந்த மாணவர் எளிதில் சொல்வார்? ஆசிரியரின் அன்பில் குறை கூறுவதற்கில்லை. அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியே தடையாகிவிடுகிறது.

அதனால் ஆசிரியருக்கு இதில் இடமில்லை என்று கொள்ளக் கூடாது. மாணவரின் மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே. ஒழுங்காக இருந்த கையெழுத்து திடீரென்று சிதைவது, முன்வரிசையில் அமர்ந்தவர் கடைசி வரிசைக்கு மாறுவது, மதிய உணவுப் பெட்டி திறக்கப்படாமலே வீடு திரும்புவது ஆகியவற்றை ஆலோசகர் தம் அறையில் இருந்தபடி காண இயலாது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு நலவாழ்வுத் தூதர் என்னும் பொறுப்பை அளிக்கிறது. அதன் 11 பாடப்பொருள்களுள் மனநலமும் ஒன்று. கண்டறிந்து கைப்பிடித்து அழைத்துச் செல்வது ஆசிரியர் பணி. அமர்ந்து கேட்பது வேறொருவர் பணி. இப்படிப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

நாற்பது பேரில் மூவர்

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இது ஏறத்தாழ மூவர். மனநலக் குறைபாடுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. பெரியவர்களுக்கே உரிய நோய் இது என்னும் எண்ணம் இதனால் பொய்யாகிறது.

நோய் என்னும் அளவை எட்டாத துன்பங்கள் இக்கணக்கில் சேரா. என்.சி.இ.ஆர்.டி. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் 3 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே தம் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் தெரிவித்தனர். அவர்கள் தாமாகவே கண்டறிந்த மாற்று வழிகளில் யோகப் பயிற்சியும், எண்ணும் முறையை மாற்றிக்கொள்ள முயல்வதும், நாட்குறிப்பு எழுதுவதும் அடங்கும்.

பதின்ம வயதில் உடலும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டுகிறது. திட்டமிடவும் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தவும் உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. உணர்ச்சிகளோ அதற்கு வெகுமுன்னரே வேகம் பெற்றுவிடுகின்றன. உறக்கம் வரும் நேரமும் இவ்வயதில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டிய பிள்ளை, இரவு வெகுநேரம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, காலை ஆறரை மணிக்குப் பள்ளிப் பேருந்துக்கு ஓடுகிறது. இதில் சோம்பல் என்று திட்டுவதற்கு இருப்பது குறைவே.

அம்மிச்சி கேட்ட கேள்வி

மைய அரசுப் பணியிலும் படையிலும் உள்ளோரின் பிள்ளைகளுக்கு வேறொரு துன்பம் உண்டு. அது பணியிட மாற்றம். ஆகஸ்டு மாதத்தில் புதிய பள்ளியில் சேரும் ஒன்பதாம் வகுப்பு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அதற்குள் வகுப்பில் யார் யாரோடு அமர்வது என்பது முடிவாகியிருக்கும். உணவு இடைவேளையில் எந்தக் கூட்டத்தோடு நிற்பது என்று தெரியாமல் அவள் கைகழுவும் குழாயடியில் நெடுநேரம் நிற்கிறாள். மாலையில் கோயம்புத்தூரிலிருந்து அம்மிச்சி தொலைபேசியில் அழைக்கிறார்.

"நல்லா இருக்கியா கண்ணு?"

"நல்லா இருக்கேன் அம்மிச்சி."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அம்மிச்சி."

உரையாடல் முடிந்துவிடுகிறது. அம்மிச்சி அன்பில் குறைந்தவர் அல்லர். பெயர்த்தியும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. 'லோன்லி', 'டிப்ரஸ்டு' என்னும் சொற்கள் அவளுக்குத் தெரியும். அவை அம்மிச்சிக்குத் தெரியாது. அம்மிச்சிக்குத் தெரிந்த சொற்களோ அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. அச்சொற்களுள் சிலவற்றை இனிக் காண்போம்.

கவலை என்பது ஒரு காரணத்தைப் பற்றி நிற்கும். நாளை அறிவியல் தேர்வு, அப்பாவுக்கு உடல்நலமில்லை என்பன போல அதற்குப் பெயர் சொல்லலாம். பதற்றம் உடலில் தெரியும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். காரணம் சில வேளைகளில் விளங்காது. மனஅழுத்தம் என்பது தாங்கும் திறனுக்கு மேற்பட்ட சுமையால் வருவது. சுமை இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கும். மனச்சோர்வு அத்தகையது அன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாள்களில் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்து, உறக்கமும் பசியும் கவனமும் கெடுமானால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும். பதின்ம வயதினரிடம் அது துயரமாகத் தோன்றாமல் ஓயாத எரிச்சலாகவும் தோன்றும். செய்தித்தாள்கள் மனஅழுத்தத்தையும் மனச்சோர்வையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. ஒன்று சுமை, மற்றொன்று நோய் என்று நினைவிற்கொள்வது நலம்.

ஏக்கம் நோயன்று. விட்டு வந்த ஊரை, தோழியை, தெருமுனைக் கடையை எண்ணி மனம் நீளுவதே ஏக்கம். மேலே கண்ட மாணவிக்கு இருப்பது பெரும்பாலும் இதுவே. "எனக்குப் பழைய ஸ்கூல் ஏக்கமா இருக்கு அம்மிச்சி" என்று அவள் சொல்லியிருந்தால், அம்மிச்சிக்கு அது உடனே விளங்கியிருக்கும். திருமணமாகி வேற்றூர் வந்த நாளில் தாம் பட்ட ஏக்கத்தை அவரும் சொல்லியிருப்பார்.

சில சொற்களின் வரலாறு வியப்புக்குரியது. விரக்தி என்னும் வடசொல் முதலில் பற்றற்ற நிலையைக் குறித்தது. துறவியர்க்கு அது உயர்ந்த நிலை. இன்றைய தமிழில் அது நம்பிக்கை இழந்த வெறுப்பைக் குறிக்கிறது. பைத்தியம் என்பது பித்தம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. உடலில் பித்தம் மிகுந்ததால் வந்த நோய் என்று பழைய மருத்துவர் கருதி இட்ட பெயர் அது. மருத்துவச் சொல்லாகப் பிறந்து, இன்று விளையாட்டுத் திடலில் வசைச்சொல்லாகித் திரிகிறது. ஆலோசகர் அறைக்குச் செல்வோரை நோக்கி அச்சொல்லை வீசுவோர் இருக்கும்வரை, அவ்வறையின் கதவைத் தட்டப் பலர் தயங்குவர்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அச்சம், வெகுளி, அழுகை, உவகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு காரணங்களையும் தொல்காப்பியர் வகுத்துள்ளார். அவர் எழுதியது செய்யுளுக்கு இலக்கணமே, மருத்துவம் அன்று. ஆயினும் உணர்வுக்குப் பெயரிடலாம், அதற்குக் காரணம் தேடலாம், அதை உடலில் காணலாம் என்னும் பார்வை தமிழில் பழையது.

ஆலோசகரின் அறையில்

ஆலோசகரிடம் சென்றால் என்ன நடக்கும் என்று தெரியாததே பலருக்கு அச்சமாக இருக்கிறது. முதற்சந்திப்பில் அவர் அறிவுரை கூறுவதில்லை, கேட்கிறார். தமிழில் 'கேள்' என்னும் ஒரே வினைக்கு வினவுதல், செவிமடுத்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய கேள்வி, செவிமடுத்தலையே பேசுகிறது. நல்ல ஆலோசகர் முதற்பொருளைக் குறைத்து இரண்டாம் பொருளை மிகுதியாகச் செய்பவர்.

அடுத்து, பெரிய துன்பத்தைக் கையாளத்தக்க சிறு சிக்கலாக மாற்ற அவர் உதவுகிறார். தில்லி அரசுப் பள்ளிகளில் சங்கத் நிறுவனம் நடத்திய மற்றோர் ஆய்வில் மாணவர்க்கு இதற்கென ஓர் எளிய முறை கற்பிக்கப்பட்டது. முதலில் சிக்கல் எது என்று சொல்லுதல், பிறகு எத்தனை வழிகள் உண்டு என்று எண்ணுதல், பின்னர் ஒன்றைத் தேர்ந்து செய்து பார்த்தல் என மூன்றே படிகள். படக்கதைகள் கொண்ட சிறு கையேடுகளும் உடன் வழங்கப்பட்டன. எடுத்துக்காட்டாக, "எனக்குக் கணக்கே வராது" என்பது சிக்கல் அன்று. அது ஒரு தீர்ப்பு. "இயற்கணிதத்தில் காரணிப்படுத்தல் விளங்கவில்லை, அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது" என்பதே சிக்கல். இப்படிச் சொன்னவுடன் வழிகள் தோன்றும். வகுப்புத் தோழரிடம் கேட்கலாம், ஆசிரியரிடம் தனியே கேட்கலாம், பழைய வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். எல்லாத் துன்பமும் இம்முறைக்கு அடங்காது. வீட்டில் வறுமையோ வன்முறையோ இருக்கும்போது மாணவர் தனியே தேடும் வழி போதாது; பெரியவர்கள் செயற்பட வேண்டும்.

ஆலோசகரிடம் பேசியது வெளியே போகாது என்பது பொதுவிதி. இதற்கு விலக்குகளும் உண்டு. அவற்றை நல்ல ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிடுவார். மாணவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோரிடமும் உரியவரிடமும் அவர் தெரிவிப்பார். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர் கடமை. மறைத்தால் அவரே குற்றவாளியாவார். இது நம்பிக்கைத் துரோகம் அன்று. குழந்தையைக் காக்கும் ஏற்பாடு.

நண்பனின் இரகசியம்

மனம் நொந்த மாணவர் முதலில் தம் துன்பத்தைச் சொல்வது பெரும்பாலும் ஆலோசகரிடமோ பெற்றோரிடமோ அன்று, நண்பரிடமே. "யாரிடமும் சொல்லாதே" என்னும் வேண்டுகோளும் உடன் வரும். யாரைப் பிடிக்கும், யாரோடு சண்டை என்பன போன்ற இரகசியங்களைக் காப்பது நட்பு. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அந்த இரகசியத்தைக் காக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும். நண்பர் கோபித்துக்கொள்ளலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். அக்கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பதினான்கு வயதுப் பிள்ளை இன்னொரு பதினான்கு வயதுப் பிள்ளையின் உயிர்ச்சுமையைத் தனியே தாங்க வேண்டியதில்லை.

அருகில் பெரியவர் இல்லையெனில் தொலைபேசி உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, மைய அரசு டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. அதன் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்கும், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கல்வி அமைச்சகத்தின் மனோதர்ப்பண் சேவைக்கு 8448440632 என்னும் எண் உண்டு. முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுவது எப்படி என்று தோன்றலாம். அறியாதவர் என்பதாலேயே பேச முடிகிறது என்று உணர்ந்தோரும் பலர். சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்பு 1986ஆம் ஆண்டு முதல் இவ்வாறு கேட்கும் பணியைச் செய்துவருகிறது.

சட்டமும் மாணவர் பக்கமே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என நெறிமுறை வகுத்தது. மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரிவுகளாகப் பிரிப்பதும், பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவதும் கூடாது என்றும், உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அது கூறியது. ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தில் வந்து, மாணவர் பெயர்களை அறிந்துகொள்வதற்குள் விடைபெற்றுச் செல்லும் ஆலோசகர்கள் இன்னும் பல பள்ளிகளில் உள்ளனர். நாலந்தாவில் திட்டம் தொடர்ந்து நடந்த இரண்டாம் ஆண்டில் பயன் முதலாண்டினும் மிகுந்து காணப்பட்டது என்பதை இவ்விடத்தில் எண்ண வேண்டும். மனம் திறக்க நாளாகும்.

சொல்லும் பொருளும்

வைகறை – விடியற்காலம்
வளரிளம் பருவம் – 10 முதல் 19 வரையிலான வயது
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்
வெகுளி – சினம்
உவகை – மகிழ்ச்சி
அம்மிச்சி – தாயின் தாய் (கொங்கு நாட்டு வழக்கு)
பெயர்த்தி – மகன் அல்லது மகளின் மகள்
வசைச்சொல் – பிறரை இழித்துக் கூறும் சொல்

பயிற்சிகள்

அ. குறுவிடை எழுதுக.

1. செஹர் திட்டத்தில் பெயர் எழுதாமல் போடப்பட்ட தாள்களுக்கு எவ்வாறு விடையளிக்கப்பட்டது?
2. மனஅழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஆலோசகர் இரகசியம் காக்க இயலாத சூழல்கள் எவை?

ஆ. நெடுவிடை எழுதுக.

மித்ரா நடத்திய பள்ளிகளில் பயன் விளைந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் விளையவில்லை. இதற்குப் பாடம் கூறும் காரணங்களை எழுதி, அவற்றை நீங்கள் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

இ. கவலை, பதற்றம், ஏக்கம், மனஅழுத்தம் ஆகியவற்றுள் பொருத்தமானதைக் கொண்டு நிரப்புக.

1. மேடையேறியதும் கால்கள் நடுங்கின, ______ மிகுந்தது.
2. விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய தம்பிக்குத் தாத்தா வீட்டு ______ தீரவில்லை.
3. ஒரே வாரத்தில் மூன்று தேர்வும் இரண்டு செயல்திட்டமும் வந்ததால் அவளுக்கு ______ ஏற்பட்டது.
4. அம்மா இன்னும் அலுவலகத்திலிருந்து வரவில்லையே என்று அக்காவுக்குக் ______.

ஈ. 'கேள்' என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்துத் தனித்தனித் தொடர்கள் எழுதுக.

உ. "எனக்கு நண்பர்களே இல்லை" என்பது ஒரு தீர்ப்பு. இதனைக் கையாளத்தக்க சிக்கலாக மாற்றி எழுதுக. அதற்கு மூன்று வழிகளைக் குறிப்பிடுக.

ஊ. உரையாடலைத் தொடர்க.

அம்மிச்சி: "நல்லா இருக்கியா கண்ணு?"
பெயர்த்தி: "உடம்பு நல்லா இருக்கு அம்மிச்சி. மனசுதான்..."

எ. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் முதன்முதலாகச் சொந்த ஊரை விட்டு வந்த நாளில் அவருக்கு இருந்த மனநிலையைக் கேட்டறிக. அதனைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொல்லை அவர் சொன்னவாறே எழுதி வந்து, வகுப்பின் சுவரிதழில் சேர்க்க.